வெள்ளையாகிப் போன வால்வு

மாமாவின் பெட்டிக்கு மேல்மூடி கிடையாது. மூடினால் வால்வுகள் சூட்டில் வீணாகிவிடும் என்பார் மாமா. தகரம் போதவில்லை, அதுதான் விஷயம் என்பாள் அம்மா. இரண்டில் எது உண்மை என்று நான் விசாரிக்கவில்லை. மூடி இல்லாததால்தான் உள்ளே வால்வு என்கிற மூன்று கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவந்து வருவதைப் பார்க்க முடிந்தது. எனக்கு அது போதும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். எண்பதுகளின் கடைசி அது. வீட்டுக்கு வீடு டேப் ரிக்கார்டர் வந்து, வால்வு ரேடியோக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. மாமா அவற்றைத் திரும்ப வாங்கி வந்தார். பிரித்தெடுத்த சாமான்களை வைத்து, ரேடியோப் பாட்டை ஹெட்போனில் கேட்க ஒரு ஆம்ப்ளிபயர் செய்தார்; அதுதான் அந்தப் பெட்டி. ஹெட்போன் மதுரையில் வாங்கிய பட்டாளத்துச் சரக்கு. நான் மாட்டினால் கழுத்துக்கு இறங்கிவிடும்.

அதனால் ஆளுக்கு ஒரு காதாகக் கேட்போம். மாமா முன்பக்கத்து வால்வைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகுவார். அது சூடாக ஒரு நிமிஷம் காத்திருப்போம். பாட்டு மெல்ல எழுந்து வரும்.

"எது நல்லாருக்கு? மொதல்ல கேட்டதா, இதுவா?"

எனக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. மாமாவின் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்வேன். அது அநேகமாகச் சரியாக இருக்கும். சத்தம் கூட்டும் திருகை அவர் முக்கால்வாசிக்கு மேல் திருப்பி வைத்திருப்பார். சத்தம் கூட இருக்கு மாமா என்று காதைத் தேய்த்தால், வால்வு வீக்காகிவிட்டது, அதுதான் திருப்ப வேண்டியிருக்கிறது என்பார். மாமா பேசுவதே சத்தமாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் மில்லுக்குப் போகிற எல்லோருமே அப்படித்தான். வீட்டிலும் மிஷின்களுக்கு நடுவே நிற்பதுபோலப் பேசுவார்கள். யாரும் அதை விசேஷமாக எடுத்துக்கொண்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் மைக்செட் வைத்திருந்தார். அவருடைய ஆம்ப்ளிபயரை மாமா லீவு நாட்களில் போய்ச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர், அட்டைப்பெட்டி பிரிக்காத ஒரு வால்வைத் தூக்கிக் கொடுத்தார். சீமையில் செய்தது. மாமா அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தால் யாராவது சாய்ந்துவிடுவார்களாம்.

அன்று கேட்டபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பழைய வால்வில் பாட்டின் மேலே ஏதோ பொரிந்துகொண்டே இருக்கும். இதில் அது இல்லை. மாமா பழையதைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு அலமாரிக்குள் தள்ளினார். அதன் பிறகு பல வாரம் அவர் வால்வு மாற்றவே இல்லை.

அந்த வால்வை நான்தான் உடைத்தேன். மாமா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எங்கள் வீட்டு அதிசயத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பெட்டியைப் போட்டேன். குழல்கள் சிவந்தன. அவள் பெரிதாக மெச்சவில்லை. அடுப்பில் கங்கு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதானே என்றாள். கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி, சுவிட்சை அணைத்து, பாவாடை நுனியால் பிடித்து ஆட்டி ஆட்டி உருவினேன். துணியைத் தாண்டிச் சுட்டது. விட்டுவிட்டேன்.

வால்வு சுக்குநூறாகவில்லை. தலையில் இருந்த சின்னக் கூர்முனை மட்டும் ஒடிந்திருந்தது. அப்பாடா என்று கையில் எடுத்தேன். கண்ணாடிக்கு உள்ளே உச்சியில் ரசம் பூசினாற்போல ஒரு வெள்ளிப் பூச்சு இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் முழுவதும் பால் நிறமாகிவிட்டது. காற்று உள்ளே போய்விட்டால் அப்படி ஆகும், அதற்குப் பிறகு அது செத்த வால்வு என்று மாமா சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அலமாரியைத் திறந்து பழைய வால்வை எடுத்துச் செருகினேன். செத்ததைத் தெருமுனைச் சாக்கடையில் போட்டேன்.

மாமா மூன்றரை மணிக்கு வந்தார். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டி, குளித்து, சாப்பிட்டு, மேலே போனார். என்னையும் கூப்பிட்டார். ஒரு காதை என்னிடம் கொடுத்தார். பாட்டு வந்தது. பாட்டோடு பொரிதலும் வந்தது, முன்பைவிட அதிகமாக. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா? இதாம்லா வால்வு. என்ன சுத்தமா கேக்கு!"

"ஆமா மாமா" என்றேன்.

பயம் போன வேகத்தில் எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. மாமாவுக்கும் வித்தியாசம் தெரியாது. இத்தனை நாளும் என்னைப் போலவே அவரும் சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பெரியவர் ஒருவரின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் சில மாதங்கள் கழிந்தன.

அதற்குள் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். குடும்பமாகப் போனோம். பெண்ணின் அப்பா முப்பது வருஷம் விசைத்தறியில் இருந்தவர். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. அதை அவர்கள் மறைக்கவில்லை. போய் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் இருந்தார்.

பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளைக்குப் பாட்டில் ரொம்ப இஷ்டம் என்று கேள்விப்பட்டோமே என்று எதிரே உட்கார்ந்து பேச்செடுத்தான். மாமாவுக்கு அது போதாதா? பெட்டியைப் பற்றி, வால்வைப் பற்றி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததைப் பற்றியெல்லாம் சொன்னார். "மொதல்ல ஒரு வால்வு கெடந்துது, ஒரே கரகரப்பு. இப்ப இருக்கது கண்ணாடி மாதிரி. தெனமும் கேக்கேன், ஒரு கீறல் கெடையாது" என்றார்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றியது.

"இல்ல மாமா, அந்த வால்வு எப்பவோ ஒடஞ்சுபோச்சு. நாந்தான் பழச மாட்டி வச்சேன். ஒங்களுக்குத் தெரியவே இல்ல!"

வீடே சிரித்தது. "நல்லா ஏமாத்திட்டியேட்டி!" என்று பெண்ணின் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அம்மா என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே சிரித்தாள். மாமா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரித்தார். காப்பித் தட்டோடு மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"காப்பி எடுத்துக்கோங்க" என்றாள். மாமா திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் திரும்பவில்லை.

"மாப்பிள்ள கூச்சப்படுதாவ" என்றாள் யாரோ ஒரு பெரியம்மா. மறுபடியும் சிரிப்பு. பெண் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்று மூன்றாம் தடவை சொன்னாள். மாமா உடனே டம்ளரை எடுத்துக்கொண்டார். அவள் தட்டைப் பிடித்தபடி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் மாமா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மேலே கூப்பிட்டார். அடி நிச்சயம் என்றுதான் ஏறிப் போனேன். அவர் பெட்டியைப் போட்டுவிட்டு, ஹெட்போனின் இரண்டு காதுகளையும் என் தலையோடு சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டார்.

"கரகரன்னு கேக்குதா?"

தலையாட்டினேன்.

"நெசமா சொல்லு. எம்புட்டு?"

"நெறைய மாமா. கடுகு பொரியுத மாதிரி. பாட்டே சரியா கேக்கல."

மாமா ஹெட்போனை வாங்கித் தான் மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். திருகை முழுவதும் திருப்பினார். எனக்குத் தள்ளி நின்றும் அந்தப் பொரிதல் கேட்டது. பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு, தன் காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தார். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம்.

"சரி, கீழ போ" என்றார்.

அதோடு அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. என்மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வால்வுக்கு இத்தனை நாள் கோபம் அதிகம் என்றும் பட்டது.

அடுத்த வாரம் பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. தை மாசம் கல்யாணம். அத்தை மாடிக்குக் குடிவந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே அவளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு குறை உண்டாகிவிட்டது. மாமாவை அவள் அடுக்களையிலிருந்து கூப்பிட மாட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள். அவர் தோளைத் தொடுவாள். நேர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவாள். மாமனார் வயதுள்ளவர்கள் இருக்கும்போதும் அப்படித்தான்.

"புருசன் மூஞ்சியப் பாக்காம இவளுக்கு ஒரு வார்த்த வராதோ?" என்பாள் அம்மா. அத்தை காதில் விழும்படியாகவேதான் சொல்வாள். அத்தை அடுப்பைத் தூண்டப் போய்விடுவாள்.

மில்லில் மாமாவை வேறு பிரிவுக்கு மாற்றி, மதுரையில் டாக்டர் காதுக்கு மிஷின் எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது. அத்தை அதைக் காப்பித் தட்டோடு நின்ற நாளிலேயே தெரிந்துகொண்டுதான் சம்மதம் சொல்லியிருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அத்தை வந்த அந்த வருஷம் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் புதுமாப்பிள்ளை புதுப்பெண் விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருந்தோம். வீட்டுப் பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொல்வார்கள். நான்தான் எப்போதும் அத்தை. தோளைத் தொடுவேன். எதிரே வந்து நிற்பேன். வாயைப் பெரிதாகத் திறந்து மெதுவாகப் பேசுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அது வெட்கம் இல்லாத ஒருத்தியின் நடை, அவ்வளவுதான்.