எலுமிச்சையில் கரையும் இரும்புக் கறை

1998 கோடையில் நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கும் பிரிவில் இருந்தேன். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய ஈரத் தோலின் மேல் ஓர் இரும்பு ஆணி விழுந்தால் போதும். ஆணியை எடுத்த பிறகும் ஆணி அங்கேயே இருக்கும், கொண்டையும் முனையுமாக, கருநீல நிழலாக. எங்கள் மேஸ்திரி பாய் அதன்மேல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார். நிழல் போய்விடும்.

அப்போது என் தங்கைக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலூருக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவோம். ஏற்றும் ரத்தத்திலுள்ள இரும்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று சொல்லியிருந்தார்கள். அதை இறக்கும் ஊசி மருந்து அடுத்த மாதம்தான் தொடங்குவதாக இருந்தது. அதற்குள் அவள் நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் நெற்றி, பிறகு விரல் முட்டிகள். வெயிலில் கறுத்த நிறமில்லை. சாம்பலும் செம்பும் கலந்த ஒன்று. வேலையில், கறை பரவிய தோல்களில் தினமும் நான் பார்க்கிற நிறம்.

"இன்னாண்ணா அப்டி பாக்குற? எனக்கும் கிரேடு போட்றியா?" என்று சிரித்தாள். "மட்டம்னு செகண்ட்ஸ்ல தள்ளிடாத."

"இரும்புக் கறைதான, எடுத்துடலாம்" என்றேன்.

எலுமிச்சையில் இருப்பது வைட்டமின் சி என்று பள்ளியில் படித்திருந்தேன். மெடிக்கல் ஷாப்பில் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரைகளை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டில் தொடங்கி ஆறுக்குப் போனேன். டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வாரத்தில் அவள் முகம் வெளுத்துத் தெரிந்தது. கறை எடுபடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த டம்ளரில் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள யாரோ ஓடுறாங்கண்ணா" என்றாள், மெதுவாக. "நின்னு நின்னு ஓடுறாங்க."

பாயின் வேனில் வேலூருக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். துடிப்பு நிற்கும், நான் எண்ணத் தொடங்குவேன், மறுபடி ஓடும்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். ஏன் கொடுத்தேன் என்று எலுமிச்சம்பழம் வரை சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பூட்டி வெச்ச இரும்பு சும்மா கெடந்துச்சு. இந்த மாத்திரையால நீங்க பூட்டைத் திறந்துட்டீங்க. வெளிய வந்த இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி செல்லையெல்லாம் அரிக்கும். இப்ப இதயத்துல நிக்குது." பிறகு கேட்டார்: "தோல்ல எலுமிச்சம்பழம் தேச்சதும் இன்னா பண்ணுவீங்க?"

"தண்ணி ஊத்துவோம் மேடம்."

"இவளுக்கு எங்க ஊத்துவீங்க?"

அந்தத் தண்ணீர்தான் வரவேண்டிய ஊசி மருந்து என்பது அப்போதுதான் புரிந்தது. மாத்திரையை நிறுத்தி, ஊசியை அன்றே தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் இதயத் துடிப்பு சீரானது. தங்கை பிழைத்தாள். சில மாதம் கழித்து டாக்டரே அதே ஆரஞ்சு மாத்திரையை எழுதிக்கொடுத்தார்: ஊசி ஏறும் நாட்களில் மட்டும், ஒரு சின்னத் துண்டு. அதை உடைக்கும் முன் ஊசி மருந்து ஏறுகிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

இன்றும் ஈரத் தோலில் ஆணியின் நிழல் எலுமிச்சைக்கு மறையும்போது, கறை போய்விட்டது என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அது எங்கே போகிறது என்று, கருநீலத் தண்ணீர் கால்வாயில் இறங்கும்வரை நின்று பார்க்கிறேன்.