தேடினால் கிடைக்கும் அளவுக்கு ஓர் ஊர்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. நடந்து போன மாதிரி இல்லை. ஓடிவிட்டது என்றுதான் எழுத வருகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, பந்தியில் அமர்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

இந்த ஓராண்டில் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அண்ணி இனி கள்ளக்குறிச்சியிலேயே இருப்பாரா, அம்பத்தூரில் இருக்கும் மகனிடம் போய்விடுவாரா? துக்கம் கேட்க வந்தபோது கேட்டீர்கள். காரியத்தன்று கேட்டீர்கள். பேருந்து நிலையத்தில் பூ வாங்கிக்கொண்டே கேட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் பதிலையும் சேர்த்தே சொன்னீர்கள். "இந்த ஊர்ல இன்னா இருக்குது? போய் பேரனைப் பார்த்துக்கினு இருக்கச் சொல்லு" என்றார்கள் சிலர். "இவ்ளோ வசதியான ஊர வுட்டுட்டு அந்தப் பொந்துல போய் இன்னா பண்ணும்?" என்றார்கள் வேறு சிலர். இந்த ஊர் சலிப்பா, சுகமா என்ற இந்த வழக்கு எங்கள் வீட்டில் அண்ணன் கல்யாணத்தன்றே தொடங்கிவிட்டது. அவருடைய வாழ்க்கையை எழுது என்றால் எனக்கு அந்த வழக்குத்தான் எழுத வருகிறது.

அண்ணன் பிறந்தது வடக்கனந்தலில். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். அண்ணன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா காலமானார். நிலம் கைமாறியது. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஓர் அரிசி மில்லின் பின்புறம் ஒற்றை அறை எடுத்தார். தவிட்டு வாசனையில் தூங்கி, தவிட்டு வாசனையில் எழுந்தோம். வாடகைப் பாத்திரக் கடை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அண்டாவும் குண்டானும் தலையில் சுமந்து சுமந்து அவர் கழுத்து இடது பக்கம் சற்றே சாய்ந்துவிட்டது. இந்த மலரின் அட்டைப் படத்தில் நீங்கள் பார்ப்பது அந்தச் சாய்வுதான். போட்டோ எடுத்தவர் சொல்லிச் சாய்த்ததல்ல.

பிறகு துருகம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் சொந்தக் கடை வைத்தார். என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தார். ரிஷிவந்தியத்திலிருந்து அண்ணி வந்தார். மகன் பிறந்தான். ஊரடங்கு வந்து, முகூர்த்தங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன காலத்தில், அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாய்க் கவிழ்ந்து கிடந்தன. கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களுக்கு அவற்றைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். "காலியா இருந்தா பாத்திரம் கறுத்துப் போவும்" என்று சொல்லிக்கொண்டார். தான் செய்த நல்லதுக்கெல்லாம் பாத்திரத்தின் மேல் பழி போடுவது அவர் வழக்கம்.

இனி, அவரை அவராக ஆக்கிய காரியத்துக்கு வருகிறேன்.

எந்த விசேஷத்திலிருந்து பாத்திரம் திரும்பி வந்தாலும் கூடவே ஒன்றிரண்டு அநாதைகள் வந்து சேரும். பந்தி அவசரத்தில் யார் வீட்டு டம்ளரோ, யார் வீட்டுக் கரண்டியோ, வாடகைச் சாமானோடு சேர்ந்து கழுவப்பட்டுச் சாக்கில் ஏறிவிடும். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் பேர் வெட்டியிருக்கும். பேர் மட்டும்தான். தெரு இருக்காது, ஊர் இருக்காது. விசேஷ வீட்டில் கேட்டால், "எங்களுது இல்லீங்க, யாரோ சொந்தக்காரங்க எடுத்தாந்திருப்பாங்க" என்பார்கள். மற்ற கடைக்காரர்கள் அதைத் தங்கள் சரக்கோடு சேர்த்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். அண்ணனோ சாயங்காலம் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, டம்ளரை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

திருப்பூர், ஓசூர், புனே, கோவை என்று ஊரையும் வேலையையும் மாற்றிக்கொண்டே இருந்தவள் நான். விடுமுறைக்கு வந்தால் இரண்டாம் நாளே எனக்குக் கால் அரிக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன்.

"எப்பிடிண்ணா இருக்க இந்த ஊர்ல? சாயங்காலம் போறதுக்கு ஒரு எடம் உண்டா?"

"எடம் இல்லியா? இந்தா" என்று பையிலிருந்த டம்ளரை நீட்டினார். "மெட்ராஸ்ல இதுக்குச் சொந்தக்காரன தேட முடியுமா? ஆயுசு பத்தாது. நம்ம வடக்கனந்தல்ல தேடவே தேவயில்ல, பையில இருக்கும்போதே யாருதுன்னு சொல்லிடுவானுங்க. இங்கதான் தேடணும். தேடுனா கெடைக்கும். அந்த சைஸு ஊரு இது."

"டம்ளர் தேடறதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?"

"நீ ஊர் ஊராப் போய் இன்னாத்த தேடற, அதச் சொல்லு மொதல்ல."

அவர் போய்விட்டார். நான்கு முனைச் சந்திப்பில் கரும்பு லாரிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, ஷேர் ஆட்டோக்கள் இடையில் நெளிய, மேற்கே கல்வராயன் மலை ஒரு நீலக் கோடாக எழும்பி நிற்க, அந்தக் கூட்டத்தில் கழுத்துச் சாய்ந்த ஒரு வெள்ளைச் சட்டை யாரையோ விசாரித்துக்கொண்டே கரைந்து போகும். திரும்பி வரும்போது வாய் நிறையக் கதை இருக்கும். யார் வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், யார் மகள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள், எங்கள் ஊர் மந்தைவெளியில் எந்தக் கிழவர் தன் நாயோடு சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறார். மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு ஊரில் புதுத் தெருக்கள் முளைத்தன. கலெக்டர் ஆபீஸ் வந்ததைவிட அவருக்கு அந்தத் தெருக்கள் வந்ததில்தான் சந்தோஷம்.

கதை கேட்கும்போது அண்ணி கடையின் பின்கட்டில் புளி போட்டுப் பாத்திரம் துலக்குபவர்களோடு உட்கார்ந்து சாமான் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு முறை என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"உங்கண்ணனுக்கு ஊரு ஜாலி. எனக்கு ஊரு போரு. ரெண்டு பேரும் ஒரே வூட்லதான் இருக்கோம் பாரு, நாத்தனாரே."

"அப்ப ஊரு நல்லால்லன்றீங்களா அண்ணி?"

"நல்லாருக்குதா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எங்க ஊரப் பார்த்தேன்? கடையத்தான் பார்த்தேன்."

அண்ணன் சிரித்துவிட்டு, "நாளைக்கு நீயும் வாயேன்" என்றார். "நானும் வந்துட்டா சாமான் வாங்க வர்றவனுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் அண்ணி. அவர் கேட்டது நிஜம். இவர் சொன்னதும் நிஜம். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

சென்ற ஆண்டு அண்ணன் கடையிலேயே மயங்கி விழுந்தார். சர்க்கரை நெடுநாளாகவே இருந்தது. மருத்துவமனையில் கண் திறந்ததும் அவர் கேட்டது ரோட்டுப் பக்கத்துக் கட்டில். மாற்றிப் போட்டார்கள். படுத்தபடியே பேருந்துகளின் சத்தத்தை வைத்து, "இது சங்கராபுரம் வண்டி, இது சேலம் வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் ஒரு தூக்குவாளி மிச்சமிருந்தது. 'கோவிந்தம்மாள்' என்று வெட்டியிருந்தது. அவர் தேடத் தொடங்கும் முன்பே படுத்துவிட்டார். பொங்கல் கழித்து நான் வந்திருந்த ஒரு நாள், அண்ணி அதை எடுத்து மஞ்சள் பையில் வைத்தார்.

"வா, போயிட்டு வரலாம்."

"எங்க அண்ணி?"

"எனக்கு இன்னா தெரியும்? அவரு எங்க போவாரோ அங்க."

வருஷம் திரும்பவில்லை, அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று சொந்தத்தில் ஓரிருவர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அவர்களும் இன்று இந்தப் பந்தியில் இருக்கிறார்கள்; நன்றாகச் சாப்பிட வேண்டும். அண்ணி அன்றே பதில் சொன்னார்: "அவரு பாதியில வுட்ட வேலைய முடிக்கத்தான் போறேன். துணைக்கு வரணும்னா வரச் சொல்லு."

முதலில் வாழை இலைக் கடை. அங்கிருந்து ஏமப்பேர் பக்கம் ஒரு கோவிந்தம்மாள் வீடு. நாங்கள் தேடிய கோவிந்தம்மாள் அவர் இல்லை. ஆனால் உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். "அண்ணன் எப்பவும் இந்தச் சேர்லதான் உக்காருவாரு" என்று அண்ணியை அதில் அமர்த்தினார்கள். டீ வந்தது. அடுத்த வீட்டிலும் டீ. அதற்கடுத்து, மலையிலிருந்து வரும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கும் பாய் கடை. "வாங்க தங்கச்சி. மச்சான் வந்தா ரெண்டு கரண்டி சக்கரை போட்டு டீ குடிக்காம போவ மாட்டாரு" என்றார் பாய். அண்ணி குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கரண்டியா? வூட்ல சக்கரையே வேணாம்னு மொகத்த சுளிப்பாரு. நீங்க எல்லாம் சேர்ந்துதான் அவர அனுப்பி வெச்சீங்களா?"

பாய் திகைத்துப் போனார். அண்ணி சிரித்தார். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே முந்தானை கண்ணுக்குப் போனது. பிறகு, "எனக்கும் அதே மாதிரி ரெண்டு கரண்டி போடச் சொல்லுங்க" என்றார்.

பாய்தான் வாளியை அடையாளம் சொன்னார். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்மணியாம். அண்ணன் பாத்திரம் கொடுத்த ஒரு கல்யாணத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவராம். மறுநாள் காலை மலைப் பேருந்தில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வண்டி வளைந்து வளைந்து ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி ஜன்னலை விடவில்லை.

கோவிந்தம்மாள் வாளியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இதுக்கா மலையேறி வந்தீங்க? வூட்ல நாலு வாளி கெடக்குது."

அவர் வாசலில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த குண்டானில் எங்கள் கடைப் பேர் இருந்தது. மாறிப் போனது இரண்டு பக்கமும்தான். "எடுத்துக்கினு போறீங்களா?" என்று கேட்டார். "கோழி குடிச்சிக்கினு இருக்குது, குடிக்கட்டும்" என்றார் அண்ணி. சாமைச் சோறு போட்டு அனுப்பினார் அந்த அம்மா.

இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே லாரி சிக்கி வண்டி நின்றது. கீழே சமவெளி முழுதும் வெயிலில் கிடந்தது. கரும்பு, நெல், ஏரி, அப்புறம் புகை படிந்த ஒரு வெளிறிய திட்டு.

"எது நம்ம ஊரு?"

காட்டினேன்.

"அவ்ளோதானா? அதுக்குள்ளயா இத்தினி வருஷம் சுத்துனாரு?" கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார். பிறகு, "அதுக்கு அந்தாண்ட?"

"தியாகதுருகம். அப்பால உளுந்தூர்பேட்டை."

"அதுக்கு அந்தாண்ட?"

"போய்க்கினே இருந்தா கடல் அண்ணி."

லாரி விலகி வண்டி கிளம்பியும் அவர் கழுத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் அண்ணன் மகன் அம்பத்தூரிலிருந்து வந்தான். நல்ல பிள்ளை. அம்மாவுக்கென்று தனி அறை ஒழித்து வைத்திருந்தான். "நீ ஒண்ணுமே பண்ண வேணாம்மா. ஏசி இருக்குது, டிவி இருக்குது. காய்கறி வூட்டுக்கே வந்துடும். மூணாவது மாடி, நீ கீழகூட எறங்க வேணாம்."

"கீழ எறங்கலாம்னா வரேன்" என்றார் அண்ணி.

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"கேட்டுக்க. சாயங்காலத்துல நான் வூட்ல இருக்க மாட்டேன். பையன் ஸ்கூல்லேர்ந்து வந்தான், அவன யாரு பார்த்துக்கறதுன்னு என்னைக் கேக்கக் கூடாது. வேணும்னா அவனையும் கூட்டிக்கினு போவேன்."

"எங்கம்மா போவ? அங்க உனக்கு யாரையும் தெரியாதே."

"தெரியாததாலதான் போறேன். எங்கன்னு போயிட்டு வந்து சொல்றேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த ஊரை வாழ்நாளெல்லாம் குறை சொன்ன நானே கேட்டேன்: "அண்ணி, இப்பதானே சுத்திப் பார்த்தீங்க, ஊரு நல்லாத்தானே இருக்குது?"

"யாரு இல்லன்னா? நல்லாத்தான் இருக்குது. அது தெரிஞ்சுபோச்சு. அந்த ஊரு எப்பிடின்னு இன்னும் தெரியல இல்ல?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆச இருந்தா நீ இங்க இரேன். உனக்கு எந்த ஊர்லதான் கால் நின்னுது?"

மகன் கடைசியில், "சரி, போம்மா. போனை மட்டும் எடுத்துக்கினு போ" என்றான். எனவே, நீங்கள் ஓராண்டாகக் கேட்ட கேள்விக்குப் பதில்: இந்த நினைவு நாள் முடிந்ததும் அண்ணி போகிறார். ஊர் பிடிக்காமல் போகவில்லை. தனியாக இருக்கப் பயந்தும் போகவில்லை.

அண்ணன் படுத்திருந்தபோது இரவு பகலாய் உடனிருந்த மருத்துவமனை ஊழியர்களுக்கும், எங்களுக்கு முன்பே ஓடி வந்து நின்ற பாய் குடும்பத்தாருக்கும், இறுதிக் காரியங்களைக் கூலி பேசாமல் பார்த்துக்கொண்ட பந்தல் நண்பர்களுக்கும், அண்ணன் கடையில் வேலை பார்த்து இனி அதே பேரில் கடையை நடத்தப் போகிற தம்பிக்கும், சர்க்கரை போட்டும் போடாமலும் அவருக்கு டீ கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்னையில் இருக்கும் உறவுகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு சாயங்காலம் உங்கள் தெருவில் அண்ணி வழி கேட்டு நிற்கலாம். வழியைச் சொல்லுங்கள், போதும். பாவம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மகன் வீட்டு வாசலில் இறக்கிவிடாதீர்கள். தப்பான தெருவில் திரும்பினாலும் பரவாயில்லை, அதையும் பார்த்துவிட்டு வரட்டும்.