பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும்

நகராட்சியில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். பிறந்தவர்களும் இறந்தவர்களும் யாரோடும் சண்டைக்கு வருவதில்லை. பெயரில் எழுத்துப் பிழை என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். திருத்திக் கொடுத்தால் போய்விடுவார்கள். அந்த நிம்மதி போனது ஒரு மணி பிளாண்ட் செடியால். ஜன்னலோரம் நான் வைத்திருந்த அந்தச் செடியை ஆணையர் ஒருநாள் பார்த்துவிட்டு, "செடியெல்லாம் நல்லா வளக்குறீங்களே மேடம், பூங்கா கோப்பையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். அதன் கூடவே 'விழாக்கள்' என்று இன்னொரு தடித்த கோப்பும் என் மேஜைக்கு வந்தது. செடி வளர்ப்பதற்கும் விழா நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பூங்கா ஒன்றும் பெரிதில்லை. குமுளியிலிருந்து கூடலூர் வழியாக இறங்கி வரும் சாலை எங்கள் ஊருக்குள் நுழைகிற இடத்தில், பழைய குப்பைக் கிடங்கை மூடி அமைத்தது. சுற்றிலும் நடைபாதை, திறப்பு விழாவன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சிய ஒரு நீரூற்று, ஒரு சறுக்கு, நான்கு ஊஞ்சல். இந்த அரை ஏக்கரைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் ஊரிலேயே கிடையாது. வேப்பமரத்தில் காக்கா எச்சம் போடுகிறது, வெட்டுங்கள் என்று காலையில் ஒருவர் மனு கொடுப்பார். மத்தியானம் இன்னொருவர் வந்து, பூங்காவில் நிழலே இல்லை, மரம் வையுங்கள் என்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி. இதையாவது வீட்டில் பேசி முடித்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்க வாய் வரும். "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

மனு கொடுப்பவர்களில் முக்கியமானவர் நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மனு. ஒருநாள் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏம்மா, சாயங்காலம் பூங்காவுல நடக்குறது உங்களுக்குத் தெரியுமா?"

என்னமோ ஏதோ என்று நினைத்தேன்.

"பொம்பளைங்க ஊஞ்சல் ஆடுறாங்க."

"எந்தப் பொம்பளைங்க சார்?"

"ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு வர்றவங்க. வளந்த பொம்பளைங்க. பேரன் பேத்தி எடுத்தவங்க. சத்தம் போட்டுச் சிரிக்கிறாங்க. ஊஞ்சல் பிள்ளைங்களுக்கு வாங்குனது. சங்கிலி அந்து விழுந்து எவளுக்காவது இடுப்பு போச்சுன்னா, பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் அன்று சாயங்காலமே போனேன். இல்லாவிட்டால் அந்த மனுவும் பரிசீலனையிலேயே கிடந்திருக்கும்.

ஐந்தரை இருக்கும். மலையிலிருந்து வந்த ஜீப் பூங்கா வாசலில் நின்றது. நான் எண்ண ஆரம்பித்து, பதினான்கில் குழம்பி விட்டுவிட்டேன். உள்ளேயிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. கணுக்காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு. வாசலைத் தாண்டும்போதே ஏலக்காய் வாசனை அடித்தது. தூக்குவாளிகளை வரிசையாகச் சுவரோரம் வைத்துவிட்டு நேரே ஊஞ்சலுக்குப் போனார்கள். நான்கு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் முறைக்குக் காத்திருந்து தள்ளிவிட்டார்கள். காவலாளி விசிலை ஊதினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போய் நின்றதும் அவர்களில் கொஞ்சம் பருமனான ஒரு பெண் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காகடி," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆடக் கூடாதுங்களா மேடம்?"

"பிள்ளைங்க ஆடுறதும்மா இது."

"பிள்ளைக யாரும் வந்தா உடனே எறங்கிருவோம். கேட்டுப் பாருங்க அவரு கிட்ட." காவலாளியைக் காட்டினார். "எட்டு மணி நேரம் குனிஞ்சே நிக்கிறோம் மேடம். பெறகு ஜீப்புல மடியில ஒருத்தி, முதுகுல ஒருத்தி. இங்கன வந்து காலத் தொங்கப் போட்டு ரெண்டு ஆட்டு ஆடுனாத்தான் இடுப்பு விட்டுக் குடுக்கும். வீட்டுக்குப் போனா அங்கன அடுப்பு நிக்கிது."

அவர் எழுந்து ஊஞ்சலை என் பக்கம் பிடித்தார். "உக்காந்து பாருங்க. சங்கிலி நல்ல சங்கிலிதான்."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். நாள் முழுக்க நாற்காலியில் மரத்துப் போயிருந்த இடுப்பு அவர் சொன்ன மாதிரியே விட்டுக் கொடுத்தது. எதிரே மலை மேலும் கீழும் போய் வந்தது. காவலாளி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நீரூற்றுப் பக்கம் பார்த்தார்.

மூன்றாம் நாள், ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்த அதே கையால் அறிவிப்புப் பலகைக்குக் குறிப்பு எழுதினேன். சங்கத் தலைவர் நேராக ஆணையரிடம் போய்விட்டார். ஆணையர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு போர்டு வச்சுருங்க மேடம், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். அந்தப் பெண்களின் இடுப்பைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி, போர்டு வச்சுருங்க" என்றார். ஓவியர் முதலில் 'ஊஞ்சள்' என்று எழுதிக் கொண்டு வந்தார். திருப்பி அனுப்பினேன். அடுத்தது 'உற்பட்டோர்' என்று வந்தது. அதையும் திருப்பினேன். மூன்றாவது தடவை ஒரு பிழையும் இல்லாமல் வந்தது: 'இந்த ஊஞ்சல்கள் 12 வயதுக்கு உட்பட்டோர் மட்டும் பயன்படுத்துவதற்கு.' இவ்வளவு அக்கறையாக நான் செய்த காரியம் இதுதானா என்று பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது.

அவர்கள் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சிலுவை போட்ட பெண் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் வெளியே போய்விட்டார்களாம். காவலாளிதான் சொன்னார். "ஒரு வார்த்தை பேசல மேடம். ஒருமாதிரி ஆயிருச்சு," என்றார். விசில் ஊதியவரும் அவர்தான்.

மறுநாள் முதல் ஜீப் அதே இடத்தில் நிற்கும். அவர்கள் இறங்கிச் சாலையோரப் பாலத்தின் கட்டைச் சுவரில் பத்து நிமிஷம் உட்காருவார்கள். முதுகுக்குப் பின்னால் லாரிகள் போகும். நான் வீட்டுக்குப் போவதும் அந்த வழிதான். உள்ளே நான்கு ஊஞ்சலும் காலியாகத் தொங்கும். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் டியூஷன்.

அந்தக் கோடையில் நகராட்சி விழா வந்தது. மூன்று சாயங்காலம், பூங்காவிலேயே. என்னென்ன வைக்கலாம் என்று கூட்டம் போட்டோம். ஒரு கவுன்சிலர் தன் மகளின் பரதம்தான் முதலில் என்றார். இன்னொருவர் தன் மைத்துனர் மகளும் பரதம் ஆடுவாள் என்றார். மூன்று நாளும் பரதமாக இருந்தால் நன்றாக இருக்காது என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கலை தெரியாதவள் என்றார்கள். அதுவரை அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. சங்கத் தலைவர், நடைபாதையில் நாற்காலி போடக் கூடாது என்று மனு கொடுத்தார். பந்தல்காரர், குழி தோண்டாமல் பந்தல் நிற்காது என்றார். புல்லில் குழி தோண்டினால் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று தோட்டக்காரர் சொன்னார். இதற்கெல்லாம் நடுவில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நிகழ்ச்சியில் 'உழைக்கும் மகளிர் பங்கேற்பு' இருக்க வேண்டும், புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஆணையர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "அந்த ஜீப்புல வர்றவங்க இருக்காங்கல்ல மேடம், அவங்களக் கூப்பிட்டு முன் வரிசையில உக்கார வச்சுருங்க."

எனக்குக் கோபத்தில் காது சுட்டது. ஆனாலும் போனேன். பாலத்துச் சுவரில் அவர்கள் எனக்கு இடம் ஒதுக்கினார்கள். விஷயத்தைச் சொன்னேன். சிலுவை போட்ட பெண் தலைத்துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டார்.

"பலகை நீங்க வச்சதுதான?"

"ஆமா."

"கூட்டத்துக்கு ஆள் வேணும்னா உள்ள வாங்கம்பீக. மத்த நாளு வெளிய போங்கம்பீக. அப்படித்தான மேடம்?"

"அப்படித்தான்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் மடித்த துண்டைத் தூக்குவாளி மேல் வைத்தார். பக்கத்திலிருந்த பெண் அவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "வாரோம். ஆனா நாற்காலியில உக்கார மாட்டோம். ஊஞ்சல் ஆடுவோம். சரிங்களா?"

யாரிடமும் கேட்காமல் "சரி" என்றேன். இருபது வருஷ உத்தியோகத்தில் கோப்பு இல்லாமல் நான் சொன்ன முதல் சரி அது.

விழாவின் இரண்டாம் நாள் அவர்கள் வந்தார்கள். வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். மேடையில் வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தது. பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச் கிறீச் என்று பேச்சுக்குத் தாளம் போட்ட மாதிரி கேட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சங்கத் தலைவர் எழுந்து என்னிடம் வந்து, "போர்டு எதுக்கும்மா வச்சீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"சார், அந்தப் போர்டைப் படிச்சு அதன்படி நடந்தது இந்த ஊர்லயே அவங்க மட்டும்தான். நடைபாதையில வண்டி ஓட்டக் கூடாதுன்னு ஒரு போர்டு இருக்கு. உங்க ஸ்கூட்டர் எங்க நிக்குதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஸ்கூட்டர் நடைபாதையில்தான் நின்றது. இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. வயதில் பெரியவர், முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் காற்று கிளம்பி மேடைப் பின்னணி பேனரைப் பிய்த்துக்கொண்டு போனது. மழையும் பிடித்துக்கொண்டது. பரதம் ஆடுவதற்கு ஒப்பனையோடு நின்ற மகளையும் மைத்துனர் மகளையும் ஒரே குடைக்குள் வைத்து இரண்டு கவுன்சிலர்களும் ஓடினார்கள். பெண்கள் மட்டும் நனைந்துகொண்டே ஆடினார்கள்.

புகைப்படக்காரர் எடுத்ததில் தெளிவாக விழுந்தது அந்தப் படம் ஒன்றுதான். மழையில் நான்கு பெண்கள், கால்கள் வானத்தைப் பார்த்து. வேறு வழியில்லாமல் அதையே அறிக்கையில் வைத்து அனுப்பினேன். பாராட்டி ஒரு கடிதம் வந்தது, ஆணையர் பெயருக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்போ போர்டை எடுத்துரலாமா சார்?" என்று கேட்டேன்.

"எடுக்க வேணாம். வச்சதை எடுத்தா ஏன் வச்சீங்கன்னு கேப்பாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். அவங்க பாட்டுக்கு ஆடட்டும்."

எனக்கு அது போதவில்லை. யாராவது மறுபடி பலகையைக் காட்டி அவர்களை விரட்டலாம். பெரியவர்களுக்கான ஊஞ்சல் கேட்டு எழுதினேன். அப்படி ஓர் இனம் பட்டியலில் இல்லை என்று திரும்பி வந்தது. 'இடுப்பு மற்றும் கால் தசைகளுக்கான தொங்கு இருக்கை வகை உடற்பயிற்சி உபகரணம்' என்று மாற்றி எழுதினேன். ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்தது. ஊஞ்சல் வர எட்டு மாதம் ஆனது. கனமான இரும்பு, இரண்டு பேர் உட்காரலாம். மாட்ட வந்தவர்கள் நான் சாப்பிடப் போன நேரத்தில், மலையைப் பார்த்து வைக்க வேண்டியதைக் கழிப்பறைச் சுவரைப் பார்த்துக் காங்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். வந்து பார்த்து, நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஜீப் வந்தது. அவர்கள் புது ஊஞ்சலைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்கள். சிலுவை போட்ட பெண் சாய்வுக் கம்பிக்கு அடியால் காலை மறுபக்கம் விட்டு, முதுகைச் சுவருக்குக் காட்டி மலையைப் பார்த்து உட்கார்ந்தார். சாய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

"சாஞ்சா வீட்டுல போயி சாஞ்சுக்குறோம் மேடம். இது போதும்," என்று இரண்டு ஆட்டு ஆடினார். பிறகு நிறுத்தி, "மழைக்காலத்துல ஜீப்பு வர ஏழு தாண்டிரும். காவக்காரரு ஏழுக்குப் பூட்டிருறாரு. அதுக்கும் எதாச்சும் எழுதுங்களேன்," என்றார்.

எழுதினேன். அரை மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பதன் அவசியம் என்ன என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.