சர்வரில் இருந்த கூட்டல் குறி

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருந்தேன். சேர்ந்த அன்று துறைத் தலைவர் எந்த ஊர் என்று கேட்டார். தாமல் என்றேன்.

"தாமல்ல எந்தப் பக்கம்மா?"

காலனி என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் அவர் கண் திரையை விட்டு அகலவில்லை.

மாணவர்களின் இன்டர்னல் மார்க் எல்லாம் ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரில் இருந்தது. பட்டுக்கடை வைத்திருந்த தாளாளர் எங்கிருந்தோ வாங்கிப் போட்டது. மார்க் போடும் புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அதற்குக் கிடைக்கும். ஒரு அப்டேட் கிடைத்ததில்லை.

ஒருநாள் பேக்கப் எடுக்கும்போது அதில் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன். எந்தெந்தக் கம்ப்யூட்டரை நம்பலாம் என்று எழுதிவைக்கும் ஃபைல் அது. அந்தப் பட்டியலில் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் சர்வர் பாஸ்வேர்டு கேட்காது. ஒரே கட்டடத்தில் நாலு பேர், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், வேலை செய்த காலத்து ஏற்பாடு. எங்கள் ஃபைலில் பட்டியலே இல்லை, ஒரு கூட்டல் குறிதான் இருந்தது. எங்கிருந்து யார் வந்தாலும் நம்பு என்று அர்த்தம். தினமும் பாஸ்வேர்டு அடிக்க அலுத்துப்போய்த் துறைத் தலைவரே போட்டது.

லேப் கம்ப்யூட்டரில் யார் பெயரில் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம். அதற்கான பாஸ்வேர்டு, செய்முறை வகுப்புக்காகக் கரும்பலகை ஓரத்தில் சாக்பீஸால் எழுதியே இருக்கும். துறைத் தலைவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து அங்கிருந்து சர்வருக்குப் போனால், அவரே வந்துவிட்டார் என்று அது நம்பிவிடும். இதையெல்லாம் விளக்கி அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நகலில் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொண்டேன். லேபைக் கூட்டித் துடைத்து வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த செமஸ்டரில் சிலருடைய மார்க் மாறியிருந்தது. யார், எங்கிருந்து உள்ளே வந்தார் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவில் துறைத் தலைவர் பெயரும் ஒரு லேப் கம்ப்யூட்டரின் எண்ணும் இருந்தன. லேப் சாவி என்னிடம். விசாரணை என்று கூப்பிட்டார்கள். முதல்வரையும் துறைத் தலைவரையும் லேபுக்கே வரச் சொல்லி, அவர்கள் கண்ணெதிரே இரண்டு நிமிடத்தில் முதல்வர் பெயரில் சர்வருக்குள் போனேன். இந்த நாற்காலியில் உட்காரும் யாராலும் இது முடியும், அதைத்தான் அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன் என்றேன். கரும்பலகையையும் காட்டினேன்.

முதல்வர் துறைத் தலைவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, இந்தப் பொண்ணுக்கு வழி தெரிஞ்சிருக்குது."

அவ்வளவுதான் விசாரணை. கதவில் பூட்டு இல்லை என்று சொன்னவள் திருடி. பூட்டைக் கழற்றி வைத்தவர் பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த லேபில் உட்கார்ந்த இத்தனை மாணவர்களில் ஒருவரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. வந்தவன் சொன்ன பெயரைச் சர்வர் நம்பியது. நான் சொன்ன தெருவை வைத்து இவர்கள் முடிவு செய்தார்கள். சர்வருக்காவது மூளை இல்லை.

வேலையை விட்டு அனுப்பும்போது கையில் கொடுத்த சான்றிதழில் 'நடத்தை' என்ற இடத்தில் 'திருப்திகரமாக இல்லை' என்று இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ ஏம்மா போய் சொன்ன? வாய மூடிக்கினு இருந்திருந்தா வேலையாவது இருந்திருக்கும்." பயத்தில் சொல்கிறாள் என்று தெரிந்தும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த கம்பெனி எதுவும் என்னை எடுக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மற்றவர்களின் வேலை விண்ணப்பங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சான்றிதழ் கேட்காத ஒரு சென்னைக் கம்பெனி வேலை கொடுத்தது. சர்வர்களில் ஓட்டை தேடும் வேலை. போன மாதம் அவர்கள் என்னை அனுப்பியது அதே கல்லூரிக்கு. வாசலில் கம்பெனி பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார், அடையாள அட்டையைப் பார்க்கவில்லை. துறைத் தலைவர் இப்போது முதல்வர். வாங்க மேடம் என்று எழுந்தவர், என் முகத்தை அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் காபி சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

சர்வர் அதே மூலையில், புதுக் குங்குமத்தோடு இருந்தது. ஃபைலைத் திறந்தேன். கூட்டல் குறி அப்படியே இருந்தது. அவர் பார்க்க அதை அழித்தேன். ஒரு விசையைத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு பையிலிருந்து சான்றிதழை எடுத்து, அந்த ஒரு வரியை மாற்றித் தரச் சொன்னேன்.

"அது பழைய ரெக்கார்டும்மா. அதுல யாரும் கை வெக்க முடியாது."

இத்தனை வருடம் பிள்ளைகளின் மார்க்கில் எவன் வேண்டுமானாலும் கைவைக்கட்டும் என்று விட்டிருந்தவர் சொல்கிறார். முத்திரை குத்திய என் பழைய கடிதத்தை, தாளாளருக்கும் நகல் போகும் என் சோதனை அறிக்கையின் முதல் பக்கமாக வைத்தேன். அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன்.