ஒன்பதாம் வகுப்பில் தையல் பாடம்

'புதுசு' என்று சொல்லி யாராவது எதையாவது நீட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பிறவிக் குணம் என்று சொல்ல மாட்டேன். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியின் மனைவியாக இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் என் கணவரைப் பார்த்து, 'இந்தத் தடவை நீங்க பர்மனென்ட்' என்றார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் நம்பினார். என் தம்பி ஐ.டி.ஐ. முடித்து, அப்ரென்டிஸும் முடித்து, கடைசியில் பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றினான். கேட்டால் அனுபவம் கிடைத்ததாம். அனுபவத்தை என்ன, கொதிக்க வைத்துக் குடிப்பதா?

நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்தேன். பர்மனென்ட் ஆட்களின் குவார்ட்டர்ஸில் இருந்த டீச்சர்கள்தான் பாதி வாடிக்கை. அளவு கொடுக்க வந்தால் சும்மா நிற்க மாட்டார்கள். நான் குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அவர்கள் நான் அங்கே இல்லாத மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள்.

புதிய கல்விக் கொள்கை வரைவு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. என் மகளின் வகுப்பு டீச்சரும், அவரைவிட மூத்த இன்னொரு டீச்சரும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

"ஆறாவதுல இருந்தே கைத்தொழில் சொல்லித்தரப் போறாங்களாம். நல்லதுதானே? இன்ஜினியரிங் படிச்சவனே வேலை இல்லாம சுத்துறான்" என்றார் வகுப்பு டீச்சர்.

"யார் புள்ளைக்குக் கைத்தொழில்? உங்க பையனுக்கா?" என்றார் மூத்தவர்.

"அவன் ஸ்கூல் வேற, டீச்சர்."

"பாத்தீங்களா! அப்பன் தொழிலைப் புள்ள தலையில கட்டுறதுக்குப் புதுப் பேரு வெச்சிருக்காங்க, அவ்ளோதான்."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரு புள்ளைங்களை அப்படிப் பிரிப்பாங்க?"

"கையைக் கொஞ்சம் தூக்குங்க டீச்சர்" என்று சொல்லி அக்குளில் டேப்பை வைத்தேன். ஆனால் மூத்த டீச்சர் சொன்னது மனசில் தைத்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "இன்னா நீ, அவங்க பேசறதக் கேட்டுகினு மண்டையக் கொழப்பிக்கிற? சட்டமா வந்துட்டுது? சும்மா பேசிகினு இருக்காங்க" என்றார்.

"பேசறப்பவே பாத்துக்கணும். வந்தப்புறம் பாத்து இன்னா பண்றது?"

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளில் மகள் பள்ளியிலிருந்து வந்து, ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில் பாடம் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றாள். அந்த வரைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வேறு திட்டம் என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும், எனக்கு அதில் என்ன வித்தியாசம்? கம்ப்யூட்டர், தையல் என்று இரண்டு பாடம். இவளைத் தையலில் போட்டிருந்தார்கள். ஆறாவதிலிருந்து கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று என் உயிரை எடுத்தவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல யார் யாருடி?"

"குவார்ட்டர்ஸ் பொண்ணுங்க."

"தையல்ல?"

"நானு, நம்ம தெருப் பொண்ணுங்க, அப்புறம் கம்மாபுரம் பக்கத்துல இருந்து பஸ்ஸுல வர்றவங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். மறுநாள் மிஷினை மூடிவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே வகுப்பு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க புள்ளைங்கள மட்டும் எப்படி டீச்சர் பொறுக்கியெடுத்தீங்க?"

"ஐயோ, யாரையும் பொறுக்கலைங்கம்மா. வீட்டுல பழகிப் பாக்க வசதி இருந்தா சீக்கிரம் பிடிபடும்னு நெனச்சேன். யாரு வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, கை தூக்குங்கன்னேன். யாரு வீட்டுல தையல் மிஷின் இருக்குன்னேன். ரெண்டும் இல்லாதவங்களை இடம் இருக்கற எடத்துல உக்கார வெச்சேன். உங்க பொண்ணுதான் முதல்ல கை தூக்கினா."

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லவில்லை. நல்லதுதான் செய்தோம் என்று நம்பி, நான் எதற்குக் கத்துகிறேன் என்று புரியாமல் நின்றார். சதி என்று சண்டைக்கு வந்தேன். இங்கே சதி செய்ய ஆளே இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்ற ஒரே ஒரு கேள்விதான். பிள்ளைகள் தாங்களாகவே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வூட்டுல இன்னா இருக்குன்னு கேட்டீங்க. புள்ளைக்கு இன்னா புடிக்கும்னு கேட்டீங்களா டீச்சர்?"

"கம்ப்யூட்டர் கம்மியா இருக்கு" என்று முணுமுணுத்தார் டீச்சர்.

"ஒண்ணுல ரெண்டு பேரு உக்காரட்டும். எம் பொண்ணு ஒண்ணும் குண்டு இல்ல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளனுப்பி மகளை வரவழைத்து, "உனக்கு எது வேணும்?" என்று கேட்டார். அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் எதிரில் தையல் வேண்டாம் என்று சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று தயங்கினாள்.

"சொல்லுடி, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"கம்ப்யூட்டர், டீச்சர்."

நாளையிலிருந்து அங்கே உட்காரலாம் என்றார் டீச்சர். மறுபடி மாற்ற மாட்டீர்களே என்று நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினேன். பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டதால் மகளும் கூடவே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர்தான் வேணும்னா, அப்புறம் எதுக்குடி மொதல் ஆளா கையத் தூக்கின?"

அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"யாரு வூட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு, யாரு வூட்டுல ஸ்கூட்டி இருக்குன்னு வகுப்புல டீச்சருங்க எதையாவது கேட்டுகினே இருப்பாங்கம்மா. எல்லாப் பொண்ணுங்களும் தூக்குவாங்க, நான் ஒருவாட்டி கூடத் தூக்கினதில்ல. அன்னிக்கு மிஷின்னு கேட்டாங்க. பாடத்துக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. நம்ம வூட்டுல இருக்குதேன்னு தூக்கிட்டேன்."