பிரபு வீட்டுப் படங்களின் பின்பக்கம்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்திருந்தது. மெல்பனுக்கு மேற்கே, மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் வேலை கிடைத்தது. முதல் குளிர்காலத்தை மரக்காலையின் பின்னால் நின்ற பழைய வான் வண்டியில் கழித்தேன். கிழக்கிலங்கையின் கல்முனைக்காரன் ஒருவனும் கூடப் படுத்தான். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்ந்தது.

சனிக்கிழமைகளில் ஒரு பெண் மிச்ச மரத்துண்டுகள் வாங்க வருவார். அறுபது வயதிருக்கும், ஆண்களுடைய சப்பாத்து போட்டிருப்பார். ஒருநாள் மரத்தைக் காரில் ஏற்றிக்கொடுத்தபோது, "படத்துக்குச் சட்டம் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. தெரியும் என்றேன்.

அப்படித்தான் வெரிபீ என்ற ஊருக்கு வெளியே இருந்த அவருடைய வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஹங்கேரியில் காடும் குதிரைகளும் பட்டமும் இருந்த பிரபு குடும்பம். போரில் எல்லாம் போய், கப்பலேறி வந்திருந்தார்கள். தகப்பன் இங்கே ரயில் பெட்டி கழுவியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைந்திருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. தகப்பன் வரைந்த அதே வெளியை, அதே பின்வாசலில் நின்று அவரும் வரைந்தார். காய்ந்த புல், தூரத்தில் ஒரு வேலி, மிச்சம் முழுக்க வானம்.

இரண்டு பேருடைய படங்களிலும் கையெழுத்து இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பெயர் எழுதுவது விற்கிறவன் வேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்."

"சலவைக்கூடத்தில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்தானே?"

"அது வேலை," என்றார். "இதில் கை வரமாட்டேன் என்கிறது."

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சட்டம் அடித்து முடித்ததும், வரையாத வெறுந்துணியை இழுத்துக் கட்டுமுன், மேல்கட்டையின் பின்பக்கம் பென்சிலால் பிள்ளையார் சுழி போடுவேன். பெரிய பக்தி என்றில்லை. எதையும் அதைப் போடாமல் தொடங்கத் தெரியாது, அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"இது என்ன, உன் கையெழுத்தா?"

"இல்லை மேடம். யானைத்தலைக் கடவுளுக்கு. வேலை தொடங்குமுன் போடுவது."

விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு சட்டத்தையும் கையில் வாங்கும்போது, "யானை வந்துவிட்டதா?" என்று திருப்பிப் பார்ப்பார். பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டார்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. எனக்கு ஓரிடத்தில் அதற்கு மேல் இருக்க முடிவதில்லை. சிட்னிக்குப் புறப்பட்டேன். போகும்போது எங்கள் வழக்கப்படி, "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதை நம்பினார். "எப்போது?" என்று கேட்டார். சும்மா, "கோடையில்" என்றேன். பிறகு பழம் பறித்தேன், சிட்னி லிட்கத்தில் ஒரு பேக்கரியில் மா மூட்டை சுமந்தேன், இரண்டு முறை முதுகை உடைத்துக்கொண்டேன். போகவில்லை. கடிதமும் எழுதவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு கல்முனைக்காரன் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் சொந்தமாக லொறி வாங்கி, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் தொழில் செய்துகொண்டிருந்தான்.

"மச்சான், செத்துப்போன வெள்ளக்காரக் கிழவி ஒண்டுட வீட்டத் துப்புரவாக்கிறன். படத்துக்குப் பின்னால உன்ட பிள்ளையார் இரிக்காருடா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாப்பாட கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் கணக்குக் கொப்பியில போடுறதக் கண்டுதானே வளந்தன். வா கெதியா. நல்ல படமெல்லாத்தையும் தகப்பன்ட பேருல எழுதுறானுகள்."

பஸ்ஸில் போனேன். அங்கே அவருடைய மருமகன் முறையானவர் ஒருவரும் விலை மதிப்பிட வந்த ஒருவரும் இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அத்தை பொழுதுபோக்குக்கு வரைந்தார், தகப்பனான பிரபுதான் ஓவியர் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் போகாவிட்டால் அவருடைய வாழ்க்கை முழுவதும் தகப்பனுடைய பெயரில் போயிருக்கும்.

ஒரு கடதாசியில் சுழி போட்டுக் காட்டினேன். இந்தக் குறி உள்ளதெல்லாம் மகளுடையது, நான் வந்தபோது தகப்பன் உயிரோடு இல்லை என்றேன். படங்களைத் திருப்பினோம். இருபத்து மூன்றில் என் சுழி இருந்தது. இன்னும் ஒன்பதில் வேறொரு சுழி. வால் வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் போயிருந்தது, கோடு நடுங்கியிருந்தது. சட்டங்களும் மூலை பொருந்தாமல் கோணலாக இருந்தன. அவரே அடித்திருக்கிறார். யானை இல்லாமல் தொடங்க முடியாமல் அவரே போட்டிருக்கிறார்.

"இவை வேறு மாதிரி இருக்கின்றனவே?" என்றார் மதிப்பிட வந்தவர்.

"நான்தான். சுத்தியல் வலது கையில் இருந்தால் இடது கையால் எழுதுவேன். சிட்னியிலிருந்து இடையிடையே வந்து செய்துகொடுத்தேன்."

கல்முனைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். வெளியே வந்ததும், "ஏன்டா புளுகினாய்?" என்றான். படங்களைக் காப்பாற்ற என்றேன்.

இந்த வருடம், இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு புறநகரின் சிறிய கலைக்கூடத்தில் அவற்றை மாட்டினார்கள். அவருடைய பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, அவர் எதிலும் கையெழுத்திடவில்லை, பின்னால் உள்ள குறிகள் எல்லாம் இரண்டு கையாலும் எழுதக்கூடிய ஒரு தமிழ்த் தச்சர் இட்டவை என்று அச்சடித்திருந்தார்கள். கல்முனைக்காரன் சத்தமாகச் சிரித்தான். கை வராத ஒருவர் ஒன்பது தடவை போட்டதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பொய் தேவையே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. செத்துப்போன தகப்பனுக்கு என் பிள்ளையாரை எப்படித் தெரியும்? நேராகவோ கோணலாகவோ, சுழி இருந்தாலே அது மகளுடையதுதான். உண்மையைச் சொல்லியிருந்தாலும் படங்கள் அவர் பெயரிலேயே இருந்திருக்கும். நான் காப்பாற்றியது, போய்விட்டுத் திரும்பி வராத என்னை.

வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் ஒரு திருத்தம் சொல்லவேண்டும் என்றேன். பார்வையாளர் கருத்து எழுதும் தாளொன்றைத் தந்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"இங்கிலீசில எழுதத் தெரியுமா உனக்கு?" என்றான் கல்முனைக்காரன்.

"நீ எழுத்துச் சொல்லு."

தாளின் தலையில் பழக்கத்தில் ஒரு சுழி போட்டேன். பக்கத்தில் வால் இடப்பக்கம் போகும் இன்னொன்றைப் போட்டேன். முதலாவது நான், இரண்டாவது அவர் என்று எழுதத் தொடங்கினேன்.