பிள்ளைக் கொடி

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன்னே உங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் தொப்புளிலிருந்து காய்ந்து விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டியிருந்தோம். அவளைப் புதைக்கும்போது உங்கள் அம்மா அதை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினேன். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, உங்கள் அம்மா தாயத்தைத் திறந்து கொடியை வெளியே எடுத்தாள். சேலைத் துண்டில் சுற்றித் தைத்தாள்.

"வெள்ளி இருந்தா ஏர்போர்ட்டு மிஷின் கத்துமாம். துணிக்கு என்ன செய்யப் போகுது? இடுப்புலயே இருக்கட்டுங்க. பிள்ளையும் ஒங்ககூட வந்த மாதிரி இருக்கும்."

விமானம் மாறும் நாட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். அது உலோகத்தை மட்டும் தேடுகிற மிஷின் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளை நம்மேல் அனுப்புமாம். அவை துணியைத் தாண்டிப்போய், தோலில் பட்டுத் திரும்புமாம். நடுவில் ஒரு சின்ன முடிச்சு ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் பொம்மை மாதிரி ஓர் உருவம். அதன் இடுப்பில் மஞ்சள் கட்டம்.

அதிகாரி கேட்டது எனக்குப் புரியவில்லை. அங்கே பயணிகள் சாமான் வைக்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்தார்.

"இடுப்புல என்னண்ணே?"

"கொடிங்க."

"அரைஞாண் கொடியா? அறுத்துப் போட்டுட்டு வாங்கண்ணே. பேண்ட்டுதானே போட்டிருக்கீங்க, அவுந்துடாது."

"அந்தக் கொடி இல்லீங்க. எம்பிள்ளையோட தொப்புள்கொடி. பிள்ளை இப்ப இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. அதிகாரியிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். அதிகாரியும் கடுமையாகப் பேசவில்லை. பிரித்துப் பார்க்காமல் விட முடியாது என்றார். தட்டின் மேல் வைத்து, அம்மா போட்ட தையலைக் கத்தரித்தார்.

உள்ளே கொடி இல்லை. பழுப்பாகக் கொஞ்சம் தூள்தான் இருந்தது. வெள்ளிக்குள் பத்திரமாக இருந்தது, பதுளையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்ததில் நொறுங்கிப்போயிருந்தது. பாதி தட்டில் கொட்டியது. மீதி அவர் கையுறையில் ஒட்டிக்கொண்டது. போகலாம் என்று தலையசைத்தார். நான் விரலால் கூட்டி அள்ளுவதற்குள், அந்தத் தட்டில் யாரோ காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் உங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளை ஒங்ககூடப் பாதி வழி வந்திருக்கா," என்றாள். "அங்க அவளுக்கு யாரைத் தெரியும்?"